ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் விகிதம் எங்கிருந்து வருகிறது?

நாமக்கல் ஓட்டி:
எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருஷம் மேனுவல் வண்டி ஓட்டிவிட்டு, போன தீபாவளிக்குத்தான் முதல் ஆட்டோமேட்டிக் வாங்கினேன். டீசல், ஆறு கியர், டார்க் கன்வெர்ட்டர் வகை (இன்ஜினையும் கியர் பெட்டியையும் ஆயில் வழியாக இணைப்பது). சமவெளியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு காரவள்ளி வழியாகக் கொல்லிமலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. வளைவு முடிந்து கொஞ்சம் நேர் ரோடு வந்ததும் மூன்றாவது கியருக்குப் போகிறது, நூறு மீட்டர்கூட ஆகாது, இழுக்க முடியாமல் திரும்ப இரண்டாவதுக்கு இறங்குகிறது, காலை லேசாக எடுத்தால் மறுபடி மூன்றாவது. மேலே போய்ச் சேரும்வரை இதேதான். பின்சீட்டில் அம்மாவுக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது.

சர்வீஸில் கேட்டால் "அது அப்படித்தான் சார்" என்கிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மேனுவல் பெட்டி எனக்குத் தெரியும், ஒருமுறை திறந்தே பார்த்திருக்கிறேன்: கீழே ஒரு ஷாப்ட், மேலே ஒரு ஷாப்ட், ஒவ்வொரு கியருக்கும் ஒரு ஜோடி பல்சக்கரம், லீவரைத் தள்ளினால் ஒரு ஜோடி பூட்டிக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் அந்த ஜோடிகள் எங்கே இருக்கின்றன? ஆறு கியருக்கு ஆறு ஜோடி உள்ளே இருக்கிறதா? விகிதம் எப்படி மாறுகிறது? தெரிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லுங்கள்.

மலைக்காற்று:
டி-யை (கியர் தானாக மாறும் நிலை) விட்டுவிட்டு லீவரைப் பக்கவாட்டில் தள்ளி மேனுவல் மோடில் இரண்டாவதிலேயே வையுங்கள். தீர்ந்தது.

கோவை பட்டறை:
மேலே சொன்ன வழி சரிதான், ஆனால் அண்ணன் கேட்டது "ஏன்" என்று. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அண்ணா, நீங்கள் மேனுவல் பெட்டியை மனதில் வைத்துக்கொண்டு ஆட்டோமேட்டிக்கைப் புரிந்துகொள்ளப் பார்க்கிறீர்கள், அதனால்தான் பிடிபடவில்லை. மேனுவலில் "எந்த ஜோடியைப் பூட்டுவது" என்பதுதான் கேள்வி. ஆட்டோமேட்டிக்கில் "எதைப் பிடித்து நிறுத்துவது" என்பது கேள்வி. இந்த ஒன்று விளங்கிவிட்டால் பாக்கி எல்லாம் தானாக வரும்.

இப்போது என் மேஜைமேல், ஒரு பழைய பெட்டியிலிருந்து கழற்றிய பிளானட்டரி செட் ஒன்று கிடக்கிறது. டீசலில் கழுவித் துடைத்துவிட்டுப் பல்லை எண்ணினேன். வெளியே பெரிய வளையம், ரிங் கியர், உள்பக்கம் 72 பல். நட்டநடுவில் சன் கியர், 30 பல். இரண்டுக்கும் இடையில் தலைக்கு 21 பல்லோடு மூன்று சின்னச் சக்கரங்கள். இந்த மூன்றையும் ஒரே தட்டில் பின் போட்டு மாட்டியிருக்கிறார்கள், அந்தத் தட்டுக்குப் பெயர் கேரியர். ஆக வெளியே தெரிகிற சாமான் மூன்று: சன், ரிங், கேரியர். பற்கள் எப்போதும் ஒன்றையொன்று கடித்தபடியே இருக்கும். ஒரு பல்கூட விலகுவதும் இல்லை, புதிதாக வந்து சேருவதும் இல்லை.

சாக்பீஸால் சன்னில் ஒரு கோடும் கேரியரில் ஒரு கோடும் போட்டேன். ரிங்கை இடது கையால் மேஜையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு சன்னைத் திருப்பினேன். கேரியர் அதே திசையில் மெதுவாக ஊர்கிறது. கேரியரின் கோடு ஒரு சுற்று முடித்துப் பழைய இடத்துக்கு வரும்போது சன் மூன்று சுற்று முடித்து, நாலாவதில் பாதியை எட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அதாவது 3.4. இன்ஜின் 3.4 சுற்று சுற்றினால் வெளியே ஒரு சுற்று, வேகம் குறைகிற அதே அளவுக்கு இழுவை கூடும். உங்கள் வண்டியின் முதல் கியர் இந்த மாதிரி ஒரு சமாச்சாரம்தான்.

இப்போது அதே செட்டில் கையை மட்டும் மாற்றினேன். சன்னைப் பிடித்துக்கொண்டு ரிங்கைத் திருப்பினால் கேரியர் ஒரு சுற்று வருவதற்குள் ரிங் சுமார் 1.42 சுற்று வருகிறது. இது இரண்டாவது, மூன்றாவது மாதிரியான கியர். சன்னைப் பிடித்தபடியே கேரியரைத் திருப்பினால் ரிங் கேரியரைவிட வேகமாக ஓடுகிறது, விகிதம் 0.71, ஓவர்டிரைவ். கேரியரைப் பிடித்துக்கொண்டு சன்னைத் திருப்பினால் ரிங் எதிர்த்திசையில் போகிறது, அது ரிவர்ஸ். எதையும் மேஜையோடு பிடிக்காமல் ஏதாவது இரண்டை ஒன்றோடொன்று கட்டிப்போட்டால் மொத்தமும் ஒரே கட்டியாகச் சுற்றும், ஒன்றுக்கு ஒன்று, நேர் கியர்.

பாருங்கள், ஒரே செட், கை மாறுகிறது, அவ்வளவுதான்.

பெட்டிக்குள்ளே என் கை செய்த வேலையைச் செய்வது இரண்டு ஆள். ஒரு சாமானை வெளிக்கூட்டோடு சேர்த்துப் பிடிப்பது பிரேக், பழைய பெட்டிகளில் அது பட்டை மாதிரி இருக்கும், பேண்ட் என்போம். சுற்றுகிற இரண்டு சாமான்களை ஒன்றோடொன்று கட்டுவது கிளட்ச் பேக். ஒரு ஸ்டீல் தட்டு, ஒரு பிரிக்‌ஷன் தட்டு என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும், ஆயில் அழுத்தம் பின்னாலிருந்து பிஸ்டனைத் தள்ளினால் இறுகும். எந்த அடுக்குக்கு எப்போது அழுத்தம் போக வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்து சொலினாய்டு (மின்சாரத்தில் இயங்கும் சின்ன வால்வு) வழியாக, ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடிக்குச் சொல்கிறது. உங்கள் காலுக்குத் தெரிகிற "கியர் மாற்றம்" என்பது ஓர் அடுக்கு தளர்வதும் இன்னோர் அடுக்கு இறுகுவதும்தான்.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்:
அண்ணா, ஒரு சந்தேகம். 72-ஐ 30-ஆல் வகுத்தால் 2.4தானே வருகிறது? நீங்கள் 3.4 என்கிறீர்கள். அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது? பாடத்தில் சூத்திரத்தை மனப்பாடம் செய்தேன், காரணம் இன்றுவரை புரியவில்லை.

பாலிடெக்னிக் வாத்தியார்:
அருமையான கேள்வி தம்பி. நான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வழியைச் சொல்கிறேன், சூத்திரமே வேண்டாம்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள். முதலில் மொத்த செட்டையும் பசை போட்டு ஒட்டிவிட்டதாக நினைத்து ஒரு சுற்று சுற்று. சன் ஒன்று, ரிங் ஒன்று, கேரியர் ஒன்று, எல்லாமே ஒரு சுற்று வந்துவிட்டது. ஆனால் நமக்கு ரிங் அசையாமல் இருந்திருக்க வேண்டும். சரி, இப்போது கேரியரை அசையாமல் பிடித்துக்கொண்டு ரிங்கை மட்டும் ஒரு சுற்று பின்னால் திருப்பி அதன் பழைய இடத்தில் விடு. ரிங் பின்னால் போனால் நடுவில் இருக்கிற சின்னச் சக்கரங்கள் வழியாகச் சன் முன்னால் போகும், 72-ஐ 30-ஆல் வகுத்த அளவு, அதாவது 2.4 சுற்று. கூட்டிப் பார்: ரிங் சுழி, கேரியர் ஒன்று, சன் 1 + 2.4 = 3.4. கேரியரோடு சேர்ந்து தானும் ஒருமுறை சுற்றிவந்த சுற்றுதான் அந்தக் கூடுதல் ஒன்று.

இதே வழியில் எந்தக் கியரையும் போடலாம். ஒரே வரியில் வேண்டுமானால்: சன் பல் × சன் சுற்று, அதோடு ரிங் பல் × ரிங் சுற்று, இரண்டையும் கூட்டினால் இரண்டு பல்லின் கூட்டுத்தொகை × கேரியர் சுற்று. மேலே சொன்னதற்கு 30 × 3.4 = 102, வலது பக்கம் 102 × 1. சரியாக இருக்கிறது.

பட்டறைத் தம்பி கையால் பிடித்ததைப் படித்ததும் எனக்கு 1908-ல் வந்த போர்டு மாடல் டி நினைவுக்கு வந்தது. அதிலும் பிளானட்டரிதான், முன்னால் போக இரண்டு கியர். ஓட்டுபவர் பெடலை மிதித்தால் பேண்ட் இறுகும். கால் செய்த அந்த வேலையை ஆயிலிடம் கொடுத்து, பெரிய எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்த முதல் முழு ஆட்டோமேட்டிக் என்றால் ஜெனரல் மோட்டார்ஸின் ஹைட்ராமேட்டிக், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபிலில். அதன் விகிதங்களைப் பாருங்கள்: 3.82, 2.63, 1.45, 1.00. முன்னால் ஒரு செட், பின்னால் ஒரு செட். முன் செட் 1.45 அல்லது நேர், பின் செட் 2.63 அல்லது நேர். இரண்டும் குறைத்தால் 1.45 × 2.63, கிட்டத்தட்ட 3.82, முதல் கியர். முன்னது நேர், பின்னது குறைத்தால் 2.63. முன்னது குறைத்து, பின்னது நேர் என்றால் 1.45. இரண்டும் நேர் என்றால் ஒன்று. இரண்டே செட்டில் நான்கு கியர்! இதைக் கரும்பலகையில் எழுதிக்காட்டும்போது வகுப்பில் ஒரு சத்தம் இருக்காது. ஆனால் இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் போக இரண்டு செட்டும் ஒரே நொடியில் இடம் மாற வேண்டும், அதை இழுக்காமல் உதறாமல் செய்வது பெரும்பாடு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1956-ல் கிரைஸ்லர் டார்க்ஃபிளைட் என்று மூன்று கியர் பெட்டி கொண்டுவந்தது, ஹோவர்ட் சிம்ப்சன் என்ற அமெரிக்கப் பொறியாளரின் அமைப்பு, இரண்டு செட்டுக்கும் சேர்த்து ஒரே சன். விகிதம் 2.45, 1.45, 1.00. முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே மிகச் சரியாக ஒன்று இடைவெளி இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டு செட்டிலும் ஒரே பல் எண்ணிக்கை இருந்தால் அப்படித்தான் வரும்: சன் பல்லை ரிங் பல்லால் வகுத்தால் 0.45, இரண்டாவது கியர் 1 + 0.45, முதல் கியர் 2 + 0.45. தம்பி, நான் மேலே சொன்ன வழியில் இதை நீயே போட்டு வருவித்துப் பார், பரீட்சைக்கும் உதவும்.

மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல்:
சார், இரண்டு பக்கத் தாளில் போட்டேன், 2 + 0.45 வந்துவிட்டது! ரொம்ப நன்றி சார்.

எட்டுக் கியர்:
நாமக்கல் அண்ணனின் கொல்லிமலைப் பிரச்சினைக்கு நான் கணக்கு போட்டுப் பார்க்கிறேன். உங்கள் வண்டி எது என்று நீங்கள் சொல்லவில்லை, அதனால் பார்ச்சூனர், ஹைலக்ஸ் போன்றவற்றில் வரும் ஏசி60 என்ற ஆறு கியர் பெட்டியின் எண்களை எடுத்துக்கொள்கிறேன்: 3.600, 2.090, 1.488, 1.000, 0.687, 0.580. பின் ஆக்சிலில் இன்னொரு விகிதம் 3.9, டயர் 205/65 ஆர்16 என்று வைத்துக்கொள்வோம், சுற்றளவு சுமார் 2.11 மீட்டர்.

மலையில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள். சக்கரம் நிமிஷத்துக்குச் சுமார் 276 சுற்று. ஆக்சிலைத் தாண்டி மேலே வந்தால் 1078. மூன்றாவது கியரில் இன்ஜின் சுமார் 1600, இரண்டாவதில் சுமார் 2250. இரண்டுக்கும் நடுவே எதுவும் கிடையாது. 2.090-ஐ 1.488-ஆல் வகுத்தால் 1.4, அதாவது இன்ஜின் ஒரே அளவு முறுக்கினாலும் மூன்றாவதில் சக்கரத்துக்குப் போகும் இழுவை இரண்டாவதில் போவதில் நூற்றுக்கு எழுபதுதான். ஆறு பேரோடு அந்த ஏற்றத்துக்குத் தேவைப்படுகிற இழுவை இந்த எழுபதுக்கும் நூறுக்கும் நடுவில் எங்கோ விழுகிறது. இரண்டாவதில் இழுவை மிஞ்சுகிறது, வண்டி வேகம் எடுக்கிறது, நீங்கள் காலைத் தளர்த்துகிறீர்கள், கம்ப்யூட்டர் "சுமை குறைந்துவிட்டது" என்று மூன்றாவதைப் போடுகிறது. அங்கே இழுவை போதவில்லை, மிதிக்கிறீர்கள், அது இரண்டாவதுக்கு இறங்குகிறது. பெட்டியில் கோளாறே இல்லாவிட்டாலும் இப்படி நடக்கும். முன்னால் இருக்கும் வளைவு உங்கள் கண்ணுக்குத் தெரியும், அதற்குத் தெரியாது.

இன்னொரு விஷயம், இன்ஜின் சுற்றைக் காட்டும் முள் திடீரென்று கொஞ்சம் இறங்கி ஏறுவதை எல்லாம் கியர் மாற்றம் என்று எண்ணிவிடாதீர்கள். டார்க் கன்வெர்ட்டருக்குள் ஒரு லாக்கப் கிளட்ச் உண்டு. அது திறந்திருக்கும்போது இன்ஜினும் பெட்டியும் ஆயில் வழியாகத்தான் பேசிக்கொள்ளும், இன்ஜின் கொஞ்சம் வழுக்கிச் சுற்றும். பூட்டிக்கொண்டதும் அந்த வழுக்கல் போய் முள் சட்டென்று இறங்கும். ஏற்றத்தில் இதுவும் மாறி மாறி நடக்கும், கியரும் மாறும், இரண்டும் சேர்ந்து வண்டி தடுமாறுவது போல இருக்கும். ஆனால் அந்த வழுக்கலால் லாபமும் இருக்கிறது, நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது கன்வெர்ட்டர் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கித் தரும். அப்போது 2 × 3.6 × 3.9 என்று பெருக்கினால் 28 மடங்கு சக்கரத்துக்குப் போகிறது. கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது ஆட்டோமேட்டிக் சிரமமே இல்லாமல் ஏறுவது இதனால்தான்.

சின்ன வண்டி:
என்னிடம் இருப்பது ஏஎம்டி. அதிலும் இந்த சன், ரிங் எல்லாம் உண்டா? கியர் மாறும்போது தலை முன்னால் போய் வருகிறதே?

கோவை பட்டறை:
இல்லைங்க. ஏஎம்டி என்றால் அசல் மேனுவல் பெட்டியேதான். கிளட்சை மிதிப்பதும் லீவரைத் தள்ளுவதும் மட்டும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி செய்கிறது. 2014-ல் செலேரியோ வந்தபோதுதான் நம் ஊரில் இது பரவலானது. கிளட்ச் விடுபட்டிருக்கும் நேரம் இழுவை அறவே நின்றுவிடும், அதனால்தான் தலை ஆடுகிறது. பிளானட்டரியில் ஓர் அடுக்கு தளரத் தளர அடுத்தது இறுகும், ஓட்டப்பந்தயத்தில் கட்டையைக் கைமாற்றுவது போல, இழுவை விட்டுப்போகாது. மாறும்போது லேசாக ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ஏஎம்டியில் ஆட்டம் குறையும்.

தோஹா ஓட்டி:
பட்டறை அண்ணா, ஒரு சின்னத் திருத்தம். டார்க் கன்வெர்ட்டர் இருந்தால் பிளானட்டரி இருந்தே ஆக வேண்டும் என்று இல்லை. ஹோண்டா பல வருஷம் தயாரித்த ஆட்டோமேட்டிக் பெட்டிகளில் மேனுவல் மாதிரியே பக்கம் பக்கமாக ஷாப்ட்களும் ஜோடிப் பல்சக்கரங்களும்தான், ஒவ்வொரு கியருக்கும் தனியாக ஒரு கிளட்ச் பேக். அங்கே நாமக்கல் அண்ணன் நினைத்தபடியே "எந்த ஜோடி" என்பதுதான் கேள்வி.

அப்புறம் டொயோட்டா ஹைபிரிட் பற்றி யாராவது எழுதுவார்கள் என்று பார்த்தேன். பிரியஸில் இன்ஜின் இழுவையைப் பிரித்து விகிதத்தை மாற்றும் வேலையை ஒரே ஒரு பிளானட்டரிதான் செய்கிறது: சன் 30 பல், ரிங் 78 பல். இன்ஜின் கேரியரில், ஒரு மோட்டார் சன்னில், சக்கரங்களுக்குப் போவது ரிங்கில். இன்ஜின் முறுக்குவிசையில் 78/108, அதாவது சுமார் 72 சதவீதம் ரிங்குக்கு, பாக்கி சன்னுக்கு. இங்கே சன்னைப் பிரேக் போட்டுப் பிடிப்பதில்லை, மோட்டார் அதை வேண்டிய வேகத்தில் சுற்றவிடுகிறது. சன்னின் வேகம் கொஞ்சம் மாறினால் விகிதம் கொஞ்சம் மாறும், இன்னும் மாறினால் இன்னும் மாறும், படிகளே இல்லை. வாத்தியார் சார் எழுதிய அந்த ஒரு வரியை வைத்தே இதையும் போடலாம்.

கோவை பட்டறை:
ஹோண்டா பற்றிச் சொன்னது சரி, நான் பொதுப்படையாக எழுதிவிட்டேன். நன்றி.

மலைக்காற்று:
அப்படியானால் கியர் எண்ணிக்கை கூடினால் இந்தத் தடுமாற்றம் போய்விடுமா? எட்டு, பத்து என்று விளம்பரம் செய்கிறார்களே.

எட்டுக் கியர்:
ஓரளவு. 2009-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் முதலில் வந்த இசட்எஃப் 8எச்பி பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள்: 4.696, 3.130, 2.104, 1.667, 1.285, 1.000, 0.839, 0.667. நான்கு பிளானட்டரி செட், பிடிக்கிற ஆட்கள் ஐந்தே ஐந்து, இரண்டு பிரேக், மூன்று கிளட்ச். எந்தக் கியரிலும் மூன்று இறுகியிருக்கும், இரண்டு திறந்திருக்கும். அடுத்த கியருக்குப் போக ஒன்று திறந்து ஒன்று மூடினால் போதும். திறந்திருக்கிற அடுக்குகள் ஆயிலில் உரசி வீணாக இழுக்கும், அது இரண்டோடு நிற்பதால் நஷ்டம் குறைவு. இதில் முதல் கியருக்கு நம் பட்டறைக் கணக்கே போதும்: நான்காவது செட்டில் சன் 23, ரிங் 85, 1 + 85/23 = 4.696.

இதில் 2.104-லிருந்து அடுத்தது 1.667, இடைவெளி 1.26தான். ஆறு கியர் பெட்டியில் நாம் பார்த்தது 1.4. படி சின்னதானால் இழுவை சட்டென்று விழாது, மாறினாலும் உறைக்காது. ஆனால் படி சின்னது என்பதற்காக அடிக்கடி மாறுகிற பெட்டிகளும் உண்டு, அது கம்ப்யூட்டரில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து வண்டி வாங்காதீர்கள், ஒரு மலையில் ஓட்டிப் பாருங்கள்.

கோவை பட்டறை:
ஏறுவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், இறங்குவதுதான் முக்கியம். டி-யில் போட்டு பிரேக்கை மட்டுமே நம்பி மலை இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பிரேக் சூடேறி, பெடல் மிதித்தும் பிடிக்காமல் போன வண்டிகள் என் பட்டறைக்கே வந்திருக்கின்றன. இரண்டாவதில் வைத்து இறங்கினால் சக்கரம் இன்ஜினை 2250 சுற்றுக்குத் தூக்க வேண்டியிருக்கும், அந்தச் சிரமமே வண்டியைப் பிடித்துவைக்கும்.

பழைய மூன்று, நான்கு கியர் வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். அந்தப் பெட்டிகள் பலவற்றில் டி-யில் முதல் கியர் ஓடும்போது பிடிக்கிற வேலையைச் செய்வது ஒன்வே கிளட்ச். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் சைக்கிள் பிரீவீல் மாதிரி விட்டுவிடும். அதனால் காலை எடுத்ததும் வண்டி சும்மா உருளும், இன்ஜின் தடுக்காது. லீவரை எல் அல்லது 1-ல் வைத்தால்தான் கூடவே ஒரு பிரேக்கும் இறுகி இரண்டு பக்கமும் பிடிக்கும். லீவரில் அந்த எழுத்தை வைத்ததே இதற்காகத்தான்.

நாமக்கல் அண்ணா, இன்னொன்று. அப்படி மாறி மாறி மலை முழுக்க ஏறியிருந்தால் ஆயில் நன்றாகச் சூடாகியிருக்கும். ஒருமுறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கருத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் தேய்கின்றன என்று அர்த்தம்.

நாமக்கல் ஓட்டி:
எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று தனியாக இன்னொரு தடவை கொல்லிமலை போய்வந்தேன், இதற்காகவே. மேனுவல் மோடில் இரண்டாவதில் வைத்தேன். நேர் ரோட்டில் முள் 2200 பக்கத்திலேயே நின்றது, எட்டுக் கியர் தம்பி போட்ட கணக்குக்குப் பக்கத்தில்! கூர்மையான வளைவுகளில் மட்டும் தானே ஒன்றுக்கு இறங்கியது, தாண்டியதும் நான் இரண்டைப் போட்டேன். ஒரு தடுமாற்றமும் இல்லை. நேர் ரோட்டில் இரண்டு மூன்று இடத்தில் முள் மட்டும் சட்டென்று கொஞ்சம் இறங்கியது, திரையில் 2 என்றே இருந்தது. அது லாக்கப்தான் என்று இப்போது தெரிகிறது, போன வாரமாக இருந்தால் பயந்திருப்பேன். இறங்கும்போதும் இரண்டாவதுதான், வளைவுகளில் மட்டும் பிரேக் மிதித்தேன். கீழே வந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனேன், போன தடவை வந்த அந்தக் காந்தலும் வாடையும் இல்லை.

ஆயிலைச் சனிக்கிழமை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பட்டறைத் தம்பி, அடுத்த வாரம் கோவை வருகிறேன், அந்த செட்டை ஒருமுறை என் கையில் பிடித்துச் சுற்றிப் பார்க்க முடியுமா? மகளையும் கூட்டி வருகிறேன், பத்தாவது படிக்கிறாள், அந்த 3.4 கணக்கைக் கேட்டதிலிருந்து விடமாட்டேன் என்கிறாள்.

கோவை பட்டறை:
தாராளமாக வாருங்கள் அண்ணா. புதன்கிழமைக்குள் வந்துவிடுங்கள், வியாழக்கிழமை அதைப் பெட்டியில் மாட்ட வேண்டும். சாக்பீஸ் கோட்டை இன்னும் அழிக்கவில்லை.